பெட்டியில் 144 ஹெர்ட்ஸ், திரையில் 60: மானிட்டர் வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை

சென்னையில் ஒரு கடையில் கல்லூரி மாணவர் ஒருவருக்கு 24 அங்குல 'கேமிங் மானிட்டர்' விற்றிருக்கிறார்கள். பெட்டியில் 144 ஹெர்ட்ஸ், 1 மில்லிசெகண்ட், எச்டிஆர் (வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதல் வித்தியாசத்தோடு காட்டும் வசதி) என்று மூன்று ஸ்டிக்கர். விண்டோஸில் 120-க்கு மேல் போகவில்லை. கடையில் கேட்டதற்கு, முதல் நாள் "கேபிள் மாத்திப் பாருங்க தம்பி" என்றார்கள். மாற்றிவிட்டுப் போனால் "உங்க கிராபிக்ஸ் கார்டு பத்தாது" என்றார்கள். கடைசியில் வந்த பதில், "120-க்கும் 144-க்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, விடுங்க." மானிட்டரை முறையாகச் சோதித்தபோது 120 என்பதே பொய் என்று தெரிந்தது. அந்தத் திரை நொடிக்கு 60 முறைதான் படத்தை மாற்றியது.

விண்டோஸ் 120 என்று காட்டும்போது திரை எப்படி 60-இல் ஓடும்? மோசடி நடக்கும் இடமே இதுதான். விண்டோஸ் காட்டுவது கம்ப்யூட்டர் அனுப்புகிற சிக்னலின் வேகம். அந்த வேகத்தை வாங்கிக்கொள்வதாக மானிட்டரின் கன்ட்ரோலர் போர்டு (சிக்னலை வாங்கித் திரைக்குக் கொடுக்கும் மின்பலகை) சொல்லியிருக்கிறது, அவ்வளவுதான். வாங்கிய ஒவ்வொரு ஃபிரேமையும், அதாவது ஒவ்வொரு படத்தையும், பேனலில் (படம் தெரியும் திரைத் தகட்டில்) வரைகிறதா என்பது விண்டோஸுக்குத் தெரியாது. ஆபீஸ்களில் கழித்துக்கட்டிய 60 ஹெர்ட்ஸ் மானிட்டரின் பேனலை எடுத்து, எந்தப் பேனலுக்கும் பொருந்தும் பொது கன்ட்ரோலர் போர்டு ஒன்றை மாட்டி, ஓரம் மெலிந்த புதுக் கேபினெட்டில் அடைத்தால் 'புது' மானிட்டர் தயார். போர்டு 120-ஐ வாங்கி, ஒன்றுவிட்டு ஒன்றாக ஃபிரேமைத் தூக்கிப்போட்டுவிட்டு மீதியை வரையும்.

பெட்டி 144 என்று சொல்ல, விண்டோஸ் 120-இல் நின்றதற்கும் காரணம் உண்டு. 1920×1080 படத்தை 120 ஹெர்ட்ஸில் அனுப்ப 297 மெகாஹெர்ட்ஸ் பிக்சல் க்ளாக் (பிக்சல்களை அனுப்பும் வேகம்) வேண்டும். பழைய எச்டிஎம்ஐ 1.4-இன் உச்சம் 340 மெகாஹெர்ட்ஸ். ஆகவே மலிவு போர்டிலும் 120 உட்கார்ந்துவிடும், 144-க்கு உறுதியில்லை. 'புது 144 ஹெர்ட்ஸ்' மானிட்டரின் பின்னால் ஒரு விஜிஏ, ஒரு எச்டிஎம்ஐ மட்டும் இருந்து டிஸ்ப்ளேபோர்ட் இல்லையென்றால், வாங்கும் முன்பே இரண்டு முறை யோசிக்கலாம்.

கடைக்காரரோடு சண்டைக்குப் போகும் முன் நம் பக்கம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். நல்ல மானிட்டரையே 60-இல் ஓட்டிக்கொண்டு 'ஏமாந்துவிட்டேன்' என்பவர்களும் நிறையப் பேர். புது மானிட்டரை மாட்டியதும் விண்டோஸ் பெரும்பாலும் 60-லேயே தொடங்கும். நாம் போய் மாற்ற வேண்டும். செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போனால் ரிஃப்ரெஷ் ரேட் பட்டியல் இருக்கும். அதே பக்கத்தில் 'டெஸ்க்டாப் மோட்', 'ஆக்டிவ் சிக்னல் மோட்' என்று இரண்டு வரிகள் வரும். பார்க்க வேண்டியது இரண்டாவதை. 59.94, 143.98 என்று கொஞ்சம் குறைத்துக் காட்டினால் பயப்பட வேண்டாம், அது வழக்கமான கணக்கு.

பட்டியலிலேயே பெரிய எண் இல்லையென்றால் முதலில் கேபிள் எங்கே போகிறது என்று பாருங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தும் மதர்போர்டின் எச்டிஎம்ஐயில் சொருகியிருப்பது நாம் நினைப்பதைவிட அதிகம். என்விடியா கார்டில் எச்டிஎம்ஐ வழியாக இணைத்தால், அதன் கன்ட்ரோல் பேனலில் ரெசல்யூஷன்கள் (1920×1080 போன்ற பிக்சல் அளவுகள்) 'எச்டி', 'பிசி' என்று இரண்டு கூட்டமாக வரும். மானிட்டரின் உச்ச வேகம் பெரும்பாலும் கீழே உள்ள பிசி கூட்டத்தில் ஒளிந்திருக்கும். கறுப்பு சாம்பல் பூத்துத் தெரிந்தால் அதே இடத்தில் 'அவுட்புட் டைனமிக் ரேஞ்ச்' லிமிடெட் என்று இருக்கும், ஃபுல் ஆக்குங்கள். சில மானிட்டர்களின் சொந்த மெனுவில் டிஸ்ப்ளேபோர்ட் 1.1 என்று வைத்து அனுப்புகிறார்கள். அதை 1.2-க்கோ 1.4-க்கோ மாற்றாமல் வேகம் திறக்காது.

கேபிள் விஷயத்தில் கடைக்காரர் சொல்வது சில நேரம் உண்மை. 1440பி (2560×1440) 144 ஹெர்ட்ஸுக்கு எச்டிஎம்ஐ 2.0 அல்லது டிஸ்ப்ளேபோர்ட் 1.2 வேண்டும், 1.4 காலத்து எச்டிஎம்ஐ போர்ட் எந்தக் கேபிள் போட்டாலும் அதைத் தாங்காது. கார்டில் எச்டிஎம்ஐ, மானிட்டரில் டிஸ்ப்ளேபோர்ட் என்றால் சாதாரணக் கன்வெர்டர் வேலை செய்யாது. அவை கார்டின் டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றுபவை, ஒருவழிப் பாதை. எதிர்த்திசைக்கு யூஎஸ்பி மின்சாரம் எடுக்கும் ஆக்டிவ் அடாப்டர் தேவை. மலிவு டிஸ்ப்ளேபோர்ட் கேபிளில் இன்னொரு வம்பு: 20-ஆவது பின் இரு முனைக்கும் இணைக்கப்படவே கூடாது. இணைத்திருந்தால் மானிட்டரிலிருந்து கார்டுக்கு மின்சாரம் பின்னோக்கி ஏறி, கம்ப்யூட்டர் ஆன் ஆவதிலேயே தகராறு வரும். பெட்டியோடு வந்த கேபிளையே முதலில் போட்டுப் பாருங்கள்.

இத்தனையும் சரியென்றால், ஃபிரேம் தாவுகிறதா என்ற சோதனை. இதற்குக் காசு செலவில்லை. டெஸ்ட்யூஎஃப்ஓ என்ற தளத்தில் 'ஃபிரேம் ஸ்கிப்பிங்' பக்கம் இருக்கிறது. கட்டம்கட்டமாக ஒரு பலகை தெரியும். ஒவ்வொரு ரிஃப்ரெஷுக்கும் ஒரு கட்டம் மட்டும் வெளிச்சமாகி அடுத்ததற்கு நகரும். இரண்டாவது மானிட்டர் இருந்தால் கழற்றிவிட்டு, மற்ற டேப்களை மூடிவிட்டு, அந்தப் பக்கத்தை முழுத்திரையில் வையுங்கள். பிரவுசர் திரையின் வேகத்தோடு ஒத்து ஓடுகிறது என்று பக்கமே உறுதி சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் முடிவை நம்ப முடியாது. பிறகு போனின் கேமராவை ப்ரோ மோடில் வைத்து, ஐஎஸ்ஓவைக் குறைத்து, ஷட்டரை 1/10 நொடியாக்கி, போனை எதிலாவது சாய்த்து அசையாமல் ஒரு படம் எடுங்கள்.

1/10 நொடியில் 120 ஹெர்ட்ஸ் திரை 12 கட்டங்களை ஏற்றிவிடும். 144 என்றால் 14 அல்லது 15. அவை ஒன்றையொன்று ஒட்டி வரிசையாக இருந்தால் மானிட்டர் நல்லது. நடுவில் இருட்டுக் கட்டம் விழுந்தால் அந்த ஃபிரேம் பேனலுக்குப் போகவில்லை. மேலே சொன்ன மானிட்டரில் ஒரு கட்டம் வெளிச்சம், ஒரு கட்டம் இருட்டு என்று சதுரங்கப் பலகையாக வந்தது. 120-ஐ வாங்கி 60-ஐ வரைகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். ஒரு படம் போதாது, ஐந்தாறு எடுங்கள்; எப்போதோ ஒரு படத்தில் மட்டும் ஓட்டை விழுந்தால் அது பிரவுசரின் தடுமாற்றமாக இருக்கலாம். 75 ஹெர்ட்ஸ் என்று விற்கும் சாதாரண மானிட்டர்களிலும் இதைச் செய்து பாருங்கள். 75-ஐ ஏற்று 60-ஐ வரையும் சங்கதி அங்கேயும் உண்டு.

அடுத்தது ஈடிஐடி. மானிட்டர் தன்னைப் பற்றிக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் ஜாதகம் அது. இலவச மென்பொருள்கள் படித்துத் தரும். லினக்ஸில் ஈடிஐடி-டிகோட் என்ற கட்டளை போதும். அதில் தயாரிப்பு வாரமும் ஆண்டும் இருக்கும். ஆண்டு 1990-இலிருந்து எண்ணப்படுகிறது: 24 என்றிருந்தால் 2014. பெட்டியில் சென்ற வருடத் தேதி, உள்ளே பத்து வருடப் பழைய தேதி என்றால் கதை புரிந்துவிடும். சீரியல் எண் பின்பக்க ஸ்டிக்கரோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். ஆனால் ஈடிஐடியை மட்டும் நம்பி வழக்காட முடியாது: பொது போர்டில் எதை வேண்டுமானாலும் எழுதிவைக்கலாம், மலிவான நேர்மையான மானிட்டர்களிலேயே சீரியல் இடம் வெறும் பூஜ்ஜியமாக இருப்பதுண்டு. பின்மூடியைக் கழற்றினால் பேனலின் முதுகில் அதன் மாடல் எண் ஒட்டியிருக்கும், உண்மை முழுவதும் அதில் இருக்கிறது. அதை நீங்கள் திறக்காதீர்கள். சீல் உடைந்த நிமிடமே கடைக்காரருக்குச் சாக்குக் கிடைத்துவிடும்.

144-ஐ விட்டுவிட்டு மற்ற இரண்டு ஸ்டிக்கருக்கு வருவோம். '1 மில்லிசெகண்ட்' இரண்டு வகை. ஜிடிஜி என்பது ஒரு சாம்பல் நிறத்திலிருந்து இன்னொன்றுக்குப் பிக்சல் மாறும் நேரம். எம்பிஆர்டி என்பது நகரும் படம் கண்ணுக்கு மங்கலாகத் தெரியும் நேரம். பேக்லைட்டை அணைத்து அணைத்து எரியவிட்டால் எம்பிஆர்டியை 1-க்குக் கொண்டுவந்துவிடலாம். வெளிச்சம் குறையும், பெரும்பாலான மாடல்களில் அடாப்டிவ் சிங்க் (கேமின் வேகத்துக்கேற்பத் திரையின் வேகத்தை மாற்றும் வசதி) வேலை செய்யாது. ஜிடிஜி 1 என்பதும் ஓவர்டிரைவை (பிக்சலை வேகமாக மாறத் தூண்டும் அமைப்பை) உச்சத்தில் வைத்து எடுத்த எண்ணாக இருக்கும். அந்த நிலையில் நகரும் எழுத்தின் பின்னால் வெளிறிய நிழல் ஓடும். நடு அளவில் வைத்துப் பயன்படுத்துங்கள். 144 ஹெர்ட்ஸில் ஒரு ஃபிரேமின் ஆயுள் 6.94 மில்லிசெகண்ட், 60-இல் 16.67; பிக்சல் அதற்குள் மாறி முடிந்தால் சரி.

'எச்டிஆர் சப்போர்ட்' என்று மட்டும் எழுதியிருந்தால் அந்த சிக்னலை வாங்கும் என்பதற்கு மேல் பொருள் இல்லை. 250 நிட்ஸ் (வெளிச்சத்தின் அளவு) பேனலில் எச்டிஆரை ஆன் செய்தால் படம் சோகை பிடித்ததுபோல் வெளுக்கும். திரைகளுக்குத் தரம் வகுக்கும் வெசா அமைப்பின் டிஸ்ப்ளேஎச்டிஆர் தரச்சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். எல்சிடி திரைகளுக்கு அதன் அடிப்படைப் படியே 400 நிட்ஸ். 'எச்டிஎம்ஐ 2.1' என்ற சொல்லும் அப்படித்தான்: 2.1-இன் பெரிய வசதிகள் பலவும் கட்டாயமில்லை என்பதால், 2.0-இன் 18 ஜிகாபிட் வேகமே உள்ள போர்ட்டுக்கும் அந்தப் பெயரை ஒட்டிவிடுகிறார்கள். எண்ணைக் கேட்காதீர்கள், "இந்தப் போர்ட்டில் இந்த ரெசல்யூஷனுக்கு எத்தனை ஹெர்ட்ஸ்?" என்று கேளுங்கள்.

இனி பில். அந்த மாணவரிடம் இருந்த பில்லில் 'எல்இடி மானிட்டர் 1' என்று ஒரே வரி. 144-உம் இல்லை, சீரியலும் இல்லை, 'புதியது' என்ற சொல்லும் இல்லை. கடை வாய்ச்சொல்லாகச் சொன்னதை நிரூபிக்கவே அவர் திண்டாட வேண்டியிருந்தது. பெட்டியைத் தூக்கிப்போடாமல் வைத்திருந்தது மட்டுமே கைகொடுத்தது. ஜிஎஸ்டி பில்லில் மாடல், சீரியல், அங்குலம், ரெசல்யூஷன், ஹெர்ட்ஸ், புதியது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் கடையில் வாங்க வேண்டிய அவசியம் இல்லை. பின்பக்க ஸ்டிக்கரில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவு எண், ஆர் என்ற ஆங்கில எழுத்தும் எட்டு இலக்கங்களுமாக இருக்கும். பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் யார் பெயரில், எந்தப் பொருளுக்கு என்று வரும். பல போலிகள் இந்த ஒரு நிமிடச் சோதனையிலேயே விழுந்துவிடும்.

'விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படாது' என்று பில்லில் அச்சடித்திருப்பதைப் பார்த்து மலைக்க வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(47) பிரிவு, புதுப்பித்த பழைய பொருளைப் புதியது என்று விற்பதையும், பில் தராததையும், பழுதான பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதையும் முறையற்ற வணிகம் என்கிறது. அதனால் மேலே சொன்ன சோதனைகளை வாங்கிய முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள். கட்டங்களின் படம், ஆக்டிவ் சிக்னல் வரியின் படம், பெட்டி, பில், கடையோடு நடந்த வாட்ஸ்அப் பேச்சு ஆகியவற்றை ஒரே இடத்தில் சேர்த்துவைத்துக்கொண்டு கடைக்கு எழுத்தில் ஒருமுறை கேளுங்கள். பதில் இல்லையென்றால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். அங்கும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட்டால் போதும்.