ஜன்னல் பழுது: இழைப்பதா, அடைப்பதா, மாற்றுவதா?

ஜன்னல் கெட்டுப்போனால் அதைச் சரிசெய்யக் குறைந்தது இரண்டு வழியாவது இருக்கும். ஒன்று இன்றைக்கே முடிந்துவிடும், இன்னொன்று சில நாள் காத்திருக்கச் சொல்லும். வேகமான வழி எப்போதும் தப்பு என்று சொல்ல மாட்டேன், பல இடங்களில் அதுதான் சரி. ஆனால் நிறைய ஜன்னல்களில் கை வைத்தபின் நான் முதலில் கேட்டுக்கொள்ளும் கேள்வி இதுதான்: இந்த வேலை நான்கு வருடம் கழித்துத் தோற்றுப்போனால், அதைப் பிரித்து மறுபடி செய்ய முடியுமா? முடியும் என்றால் தைரியமாகச் செய்யலாம். முடியாது என்றால் இன்னொரு வழி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கருவியை எடுக்க வேண்டும்.

மூட மறுக்கும் மரக் கதவு

ஈரமான பருவத்தில் ஜன்னல் கதவு சட்டத்தில் முட்டிக்கொண்டு நின்றால் எல்லாருக்கும் முதலில் தோன்றுவது இழைப்புளி. நானும் ஒரு முறை அப்படித்தான், நல்ல மழை நாளில் ஒரு பலகைக் கதவின் ஓரத்தை இழைத்துத் தள்ளினேன். அன்றைக்கு வழுக்கிக்கொண்டு மூடியது. காய்ந்த பருவம் வந்ததும் மரம் சுருங்கி, கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே காற்று வரும் அளவு இடைவெளி விழுந்துவிட்டது. இழைத்த மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாதே.

மரம் ஈரத்தை உறிஞ்சினால் அகலத்தில்தான் உப்பும். பச்சை மரம் முழுக்கக் காயும்போதுகூட நீளவாக்கில் 0.1 முதல் 0.2 சதவீதம்தான் குறைகிறது, குறுக்குவாக்கில் அது பல சதவீதம். அதனால் பலகைகளைச் சேர்த்துச் செய்த கதவு மொத்த அகலத்துக்கும் உப்பும். நடுவில் கண்ணாடி இருக்கும் கதவில் இரண்டு பக்கச் சட்டங்களின் அகலம் மட்டும்தான் உப்பும், அது கொஞ்சம்தான். கண்ணாடிக் கதவு ரொம்ப இறுக்கமாக முட்டினால் காரணம் ஈரமாக இருக்கும் என்று நான் சட்டென்று நம்ப மாட்டேன்.

அப்படியானால் வேறென்ன? ஒன்று கீல், இல்லையென்றால் பெயிண்ட். கதவின் ஓரத்தில் சாக்பீஸை அழுத்தித் தேய்த்துவிட்டு மூடித் திறந்து பாருங்கள், எங்கே அழிகிறதோ அங்கேதான் முட்டுகிறது. தாழ்ப்பாள் பக்கத்து மேல் மூலை மட்டும் அழிந்திருந்தால், அல்லது கீழ் மூலை தேய்த்துக்கொண்டு வந்தால், கதவு தொங்கிவிட்டது என்று அர்த்தம், மேல் கீலின் திருகாணிகளைப் பாருங்கள். ஓரம் முழுக்கச் சீராக அழிந்தால் உப்பலோ பெயிண்டோ. பல தடவை பூசிய பெயிண்ட் அடுக்கடுக்காகச் சேர்ந்து ஒரு மில்லிமீட்டரைத் தாண்டிவிடுவதுண்டு, அப்போது சுரண்ட வேண்டியது பெயிண்டைத்தான், மரத்தை இல்லை. பழைய வீட்டுப் பெயிண்டில் ஈயம் இருக்கலாம். காய்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டால் தூசி வீடு முழுக்கப் பரவும், குழந்தைகள் இருக்கும் வீட்டில் அது பெரிய ஆபத்து. தண்ணீர் தெளித்து நனைத்துச் சுரண்டி, விழுந்ததை ஈரத் துணியால் துடைத்துக் கட்டி எறியுங்கள்.

கீல் தளர்ந்திருந்தால் இரண்டு வழி. நீளமான திருகாணி போடுவது சீக்கிரம் முடியும், உள்ளே புது மரத்தைப் பிடிக்கும், அதனால் நன்றாகவே நிற்கும். தடிமனான திருகாணி வேறு விஷயம், அதன் தலை கீலின் குழியில் சரியாக உட்காராமல் துருத்திக்கொண்டு நின்று கதவையே மூட விடாது. எனக்குப் பிடித்தது, பழைய துளைக்குள் மெல்லிய மரக்குச்சிகளைப் பசை தடவி நெருக்கமாகச் செருகி, காய்ந்ததும் மட்டமாக வெட்டிவிட்டு அதே அளவுத் திருகாணியைத் திரும்பப் போடுவது. ஒரு நாள் கதவு கழன்று கிடக்கும், அவ்வளவுதான். அடுத்த முறை தளர்ந்தால் அப்போதும் நீளத் திருகாணி என்ற வழி மிச்சம் இருக்கும்.

கீலும் சரி, பெயிண்டும் சரி, நிஜமாகவே உப்பல்தான் என்றால் கொஞ்சம் பொறுங்கள். ஓரத்தில் மெழுகுவத்தியைத் தேய்த்துப் பருவத்தை ஓட்டலாம். சோப்பும் வழுக்கும், ஆனால் அது ஈரத்தை இழுக்கும், அதனால் மெழுகுதான். மரம் நன்றாகக் காய்ந்த பருவத்தில் அப்போதும் முட்டுகிறதா என்று பார்த்து, முட்டினால் மட்டும் சாக்பீஸ் அழிந்த இடத்தை இழையுங்கள். இழைத்த அன்றே பெயிண்ட் பூச வேண்டும், கதவின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் விடாமல். மரத்தின் வெட்டு முனைகள்தான் அதிகமாகத் தண்ணீர் குடிக்கும், அங்கே பெயிண்ட் பூசியே இருக்காது என்பதைப் பல கதவுகளில் பார்த்திருக்கிறேன்.

கண்ணாடி பொருத்த: மக்கா, சிலிக்கானா, பீடிங்கா?

விரிசல் விட்ட கண்ணாடியை எடுக்கும் முன் அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாக டேப் ஒட்டுங்கள், கையுறையும் கண்ணுக்குக் கவசமும் போட்டுக்கொள்ளுங்கள். புதுக் கண்ணாடிக்கு அளவு எடுக்கும்போது காடியை, அதாவது கண்ணாடி உட்காரச் சட்டத்தில் வெட்டிய பள்ளத்தை, மூன்று இடத்தில் அளந்து, கிடைத்ததில் சிறிய அளவிலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் குறைத்து வெட்டச் சொல்லுங்கள். மரச் சட்டம் அசையும், கண்ணாடி அசையாது, அந்த இடைவெளி இல்லாவிட்டால் மறுபடி விரிசல்தான். எடையையும் மறக்கக் கூடாது, 4 மி.மீ. கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு 10 கிலோ.

இப்போது எதை வைத்துப் பொருத்துவது? மக்கு என்று நாம் சொல்வது ஆளி விதை எண்ணெயில் சாக் பொடியைப் பிசைந்தது. இது மெதுவான வேலை. காடியில் முதலில் பிரைமர் பூச வேண்டும், பூசாவிட்டால் வெறும் மரம் எண்ணெயை உறிஞ்சிக்கொண்டு மக்கு வறண்டு வெடிக்கும். கண்ணாடிக்குப் பின்னால் மெல்லியதாக ஒரு படுகை, அதன்மேல் கண்ணாடி, பிடிக்கச் சின்ன ஆணிகள், அப்புறம் முன்பக்கம் சரிவாக மக்கு. கண்ணாடியைத் தாங்குவது ஆணிதான், மக்கின் வேலை தண்ணீரைத் தடுப்பது. இதைப் புரிந்துகொள்ளாமல் ஆணியை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. மேல்தோல் இறுகி பெயிண்ட் பூசும் நிலைக்கு வர ஒன்றிரண்டு வாரமோ அதற்கு மேலோ ஆகும், பெயிண்ட் கண்ணாடிமேல் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஏறி நிற்கும்படி பூசினால்தான் அந்த விளிம்பில் தண்ணீர் இறங்காது. ஒரு எச்சரிக்கை: ஆளி விதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால் அது தானாகவே சூடாகித் தீப்பிடிக்கும். விரித்துத் திறந்தவெளியில் காயப் போடுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்து மூடிய தகர டப்பாவில் வையுங்கள்.

சிலிக்கான் ஒரு மணி நேர வேலை. ஒட்டும், வளையும், மழையைத் தடுக்கும், வெயிலையும் வருடக்கணக்கில் தாங்கும். இவ்வளவு நல்ல குணம் இருந்தும் பழைய மரச் ஜன்னலில் நான் அதைத் தொடுவதில்லை. அதன்மேல் பெயிண்ட் ஒட்டாது. பிரித்தெடுக்கப் போனால் கத்தியால் அறுக்க வேண்டும், அப்படியும் மரத்தில் ஒரு படலம் தங்கிவிடும், அந்தப் படலத்தின்மேல் அடுத்த முறை மக்கும் நிற்காது, பெயிண்டும் நிற்காது, புதுச் சிலிக்கானே சரியாக ஒட்டாது. அடுத்த தடவை கண்ணாடி உடையும்போது, மாற்றுகிறவர் சட்டத்தின் காடியையும் சேர்த்துப் பிய்த்து எடுப்பார். உலோகச் சட்டம் என்றால் சிலிக்கான் சரி, ஆனால் வினிகர் வாசனை அடிக்கும் வகையை வாங்காதீர்கள். காயும்போது அதிலிருந்து வரும் அமிலம் சில உலோகங்களை அரிக்கும். வாசனை இல்லாத நியூட்ரல் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

மரப் பீடிங், அதாவது கண்ணாடியை ஓரத்தில் பிடிக்கும் மெல்லிய பட்டை, வைப்பது இரண்டுக்கும் நடுவில். சின்ன ஆணிகளைப் பிடுங்கினால் பீடிங் கழன்றுவிடும், ஆகவே பிரிப்பதற்கு இதைவிடச் சுலபமானது இல்லை. திருடனுக்கும் அது சுலபம்தான், அதனால் பீடிங் வீட்டின் உள்பக்கம் இருக்கட்டும். வெளிப்பக்கம்தான் வைக்க முடியும் என்றால் கீழ்ப் பீடிங்கைச் சரிவாகச் செதுக்கி அடியில் சீலண்ட் (இடைவெளியை அடைக்கும் பசை) கொடுங்கள், இல்லாவிட்டால் அதன் பின்னால் தண்ணீர் தேங்கிச் சட்டமே மக்கிப்போகும்.

சாதாரண ஒற்றைக் கண்ணாடிக்கு என் ஓட்டு மக்குக்குத்தான். இரண்டு கண்ணாடியை இடைவெளி விட்டு ஓரத்தில் மூடிய இரட்டைக் கண்ணாடி யூனிட்டுக்கும், நடுவில் படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடிக்கும் மட்டும் எண்ணெய் மக்கு ஆகாது, விளிம்பில் இருக்கும் சீலையும் நடுவில் இருக்கும் படலத்தையும் அந்த எண்ணெய் கெடுத்துவிடும், அங்கே பீடிங்தான். குழந்தைகள் கை எட்டும் உயரத்தில் என்ன கண்ணாடி போடுவது என்று கேட்டால், டஃபன்டு கண்ணாடி உடைந்தால் சின்னச் சின்னத் துண்டுகளாக உதிர்ந்துவிடும், லேமினேட்டட் உடைந்தாலும் பெரும்பாலும் சட்டத்திலேயே நிற்கும். மாடி ஜன்னலுக்கு நான் லேமினேட்டட் போடுவேன். டஃபன்டு எடுப்பதானால் அளவு துல்லியமாக இருக்கட்டும், செய்து முடித்தபின் அதை வெட்ட முடியாது.

மக்கிப்போன கீழ்க்கட்டை

ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். எதிர்ப்பே இல்லாமல் உள்ளே போகும் இடம் எல்லாம் போய்விட்ட மரம். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் மக்க வைக்கும் பூஞ்சை வளராது, அதனால் எதை வைத்து அடைப்பது என்பதற்கு முன்னால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி. கீழ்க்கட்டை வெளிப்பக்கம் சரிகிறதா? அதன் அடியில் தண்ணீர் சொட்டி விழ ஒரு காடி இருக்கிறதா, அது பெயிண்டால் அடைபட்டுவிட்டதா?

சரிசெய்ய மூன்று வழி புழங்குகிறது. கார் பாடிக்குப் போடும் பாலியெஸ்டர் மக்கு சில நிமிடங்களில் இறுகும், மறுநாளே பெயிண்ட் பூசலாம், அதனால் நிறையப் பேர் இதைத்தான் போடுகிறார்கள். கட்டையாக இறுகிவிடும் அந்தப் பொருள் மரத்தோடு சேர்ந்து அசையாது, ஓரத்தில் மயிரிழை இடைவெளி விடும், அந்த வழியாகத் தண்ணீர் உள்ளே போய் மக்குக்குப் பின்னால் தங்கும். இரண்டு பாகம் கலக்கும் எபாக்ஸி கொஞ்சம் வளைந்து கொடுக்கும், மரத்தைப் பலமாகப் பிடிக்கும், குழிகளுக்கும் உடைந்த மூலைகளுக்கும் அருமையானது. ஆனால் நல்ல மரம் தெரியும் வரை சுரண்டி, அதை முழுக்கக் காயவிட்டுத்தான் போட வேண்டும். ஈர மரத்தின்மேல் எபாக்ஸி போடுவது வியாதியை உள்ளே வைத்துத் தைப்பது மாதிரி.

மூன்றாவது, கெட்ட பகுதியை அறுத்தெடுத்து, அதே மரத்தில் அதே நார் வாக்கில் ஒரு துண்டைச் செதுக்கி, தண்ணீர் தாங்கும் பசையால் ஒட்டுவது. உளி பிடிக்கத் தெரிய வேண்டும், ஒரு நாள் போய்விடும். இரண்டு சட்டங்கள் சேரும் இணைப்பில் மக்கியிருந்தால் எனக்கு இது ஒன்றில்தான் நம்பிக்கை, காரணம் கதவின் எடை முழுக்க அந்த இணைப்பில் இறங்குகிறது. மற்ற இடங்களில் எபாக்ஸி போதும்.

ஸ்லைடிங் ஜன்னல்

இதில் சீக்கிரம் முடிவு சொல்லிவிடலாம். இழுக்கக் கஷ்டமாக இருந்தால் எண்ணெய் விடாதீர்கள், எண்ணெய் தூசியைச் சேர்த்துக் கருப்புப் பசையாக மாற்றும். டிராக்கைப் பிரஷ்ஷால் பெருக்கித் துடைத்து, காய்ந்ததும் சிலிக்கான் ஸ்பிரே லேசாக அடியுங்கள். சரியாகவில்லை என்றால் கதவின் அடி ஓரத்தில் இருக்கும் ஸ்க்ரூவைத் திருகி ரோலர் உயரத்தைச் சரிசெய்யலாம். அதுவும் பலிக்காவிட்டால் கதவை மேலே தூக்கி அடிப்பக்கத்தை வெளியே இழுத்துக் கழற்றி ரோலரைப் பாருங்கள், தட்டையாகத் தேய்ந்திருந்தால் இரண்டையும் ஜோடியாக மாற்றுங்கள்.

தண்ணீர் கசிவும், புகைபடிந்த இரட்டைக் கண்ணாடியும்

மழையில் உள்ளே தண்ணீர் வந்தால் கண்ணில் பட்ட இடத்தையெல்லாம் சீலண்டால் அடைப்பதுதான் வழக்கம். இது எனக்கு நிஜமாகவே வருத்தம் தரும் விஷயம், ஏனென்றால் அடைபடுவதில் ஒன்று பெரும்பாலும் சட்டத்தின் வெளிப்பக்கக் கீழே இருக்கும் சின்னத் துளை. டிராக்கில் விழும் தண்ணீர் வெளியேறுவதற்காகவே செய்த துளை அது! முதலில் டிராக்கில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி அது வெளியே வடிகிறதா என்று பாருங்கள். வடியாவிட்டால் துளையைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள், பாதிக் கசிவு அதிலேயே நின்றுவிடும். அப்படியும் கசிந்தால் வெளியிலிருந்து குழாயால் தண்ணீர் அடித்துப் பாருங்கள், கீழிருந்து தொடங்கி மெதுவாக மேலே. மேலிருந்து அடித்தால் எல்லா இடமும் ஒரே சமயத்தில் நனைந்து எதுவும் தெரியாது.

சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளி என்றால் சீலண்ட்தான் வழி. அக்ரிலிக் சீலண்டுக்குப் பெயிண்ட் பூசலாம், ஆனால் அசைவைத் தாங்காது, உள்பக்கத்துக்கு மட்டும் போதும். வெளிப்பக்கத்துக்குப் பாலியூரித்தேன். இடைவெளி அகலமாக இருந்தால் முதலில் ஒரு நுரைக் கயிற்றை உள்ளே திணித்துவிட்டு அதன்மேல் போடுங்கள். அப்போது சீலண்ட் இரண்டு பக்கமும் மட்டும் பிடித்து, பின்னால் ஒட்டாமல், ரப்பர் போல இழுபட்டுச் சுருங்கும்.

கடைசியாக, இரட்டைக் கண்ணாடியில் புகை மாதிரிப் படியும் ஈரம். விரலால் துடைத்துப் பாருங்கள். உள்பக்கமோ வெளிப்பக்கமோ துடைத்தால் போகிறது என்றால் அது வெறும் ஈரக் காற்று, உள்பக்கம் என்றால் அறையில் காற்றோட்டம் தந்தால் போதும். இரண்டு பக்கமும் துடைத்தும் போகவில்லை என்றால் ஈரம் நடுவில் இருக்கிறது, யூனிட்டின் சீல் போய்விட்டது, நடுவில் ஈரத்தை உறிஞ்ச வைத்திருந்த மணிகளும் நிரம்பிவிட்டன. கண்ணாடியில் சின்னத் துளை போட்டு உள்ளே கழுவிக் காயவைக்கும் முறை ஒன்று உண்டு. புகை போகும், பார்வைக்கு நன்றாக இருக்கும், ஆனால் வெப்பத்தைத் தடுக்கும் குணம் திரும்ப வராது. முழு ஜன்னலையும் மாற்றச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், சட்டம் நன்றாக இருந்தால் அதற்குத் தேவையே இல்லை. பீடிங்கைக் கழற்றி யூனிட்டை மட்டும் மாற்றலாம்: அகலம், உயரம், மொத்தத் தடிமன் மூன்றும் கொடுத்தால் செய்து தருவார்கள். பழையதைத் தூக்கியதும் காடியின் அடியில் தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் சீலைக் கெடுத்தது அந்தத் தண்ணீர்தான். வடிதுளையைத் திறந்துவிட்டு, புது யூனிட்டை இரண்டு பிளாஸ்டிக் கட்டைகளின்மேல், காடியில் படாமல் உட்கார வையுங்கள்.