ஸ்டீடன் ரக்பி லீக் பந்து: பயிற்சியாளர் கண்ணில் ஒரு மதிப்புரை

ரக்பியில் 13 பேர் ஆடும் வகையான ரக்பி லீக்கில் ஆட்டக்காரராக இருக்கும்வரை பந்தைப் பற்றிக் கவலை இல்லை. யாரோ காற்றடித்து வைத்திருப்பார்கள், வந்து ஆடினால் போதும். அதே ஆள் பயிற்சியாளர் ஆனதும் பந்துப் பை மொத்தமும் அவர் பொறுப்பு. பையில் உள்ள அத்தனை பந்தும் ஒரே மாதிரி பறக்க வேண்டும், கையில் ஒரே மாதிரி உட்கார வேண்டும். ஆஸ்திரேலியாவின் முதன்மை ரக்பி லீக் தொடரான என்ஆர்எல் ஆட்டங்களில் உருளும் ஸ்டீடன் பந்தை இங்கே அந்தக் கணக்கில்தான் எடை போட்டிருக்கிறது.

ஐவன் கிளியரியை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபுல்பேக் (கடைசியில் நின்று தடுப்பவர்), கோல் கிக்கர் (கம்பங்களுக்கு இடையே உதைத்துப் புள்ளி எடுப்பவர்). 1998ல் சிட்னி ரூஸ்டர்ஸ் அணிக்காக 284 புள்ளிகள் எடுத்தார். ஒரே சீசனில் அன்றைக்கு அதுவே சாதனை. 2002 என்ஆர்எல் இறுதியாட்டத்தில் வாரியர்ஸ் அணிக்காக ஆடினார், 2006ல் அதே அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர் ஆனார், பிறகு பென்ரித் அணியை 2021 முதல் 2024 வரை தொடர்ந்து நான்கு கோப்பைகளுக்குக் கொண்டுபோனார். கோல் கிக்கராக இருந்தவருக்கு ஒரு பந்து சரியில்லை என்றால் கால் பட்டதுமே தெரிந்துவிடும். பயிற்சியாளருக்கு அந்த வசதி கிடையாது. உதைப்பது வேறு ஆள். குறை பந்திலா ஆளிலா என்று பிரித்துச் சொல்ல அளவு டேப்பும் பிரஷர் கேஜும்தான் துணை.

அளவில் தொடங்கலாம். முழு அளவான 5ஆம் நம்பர் பந்தின் நீளம் 27 முதல் 29 செ.மீ., நீளவாட்டுச் சுற்றளவு 73 முதல் 75, வயிற்றுச் சுற்றளவு 58 முதல் 61, எடை 383 முதல் 440 கிராம். 15 பேர் ஆடும் ரக்பி யூனியனின் பந்து 410 முதல் 460 கிராம், முனையும் சற்று மழுங்கல். யூனியன் பந்தை வைத்து லீக் பாஸ் பழக்குவது வீண் வேலை, மணிக்கட்டு வேறொரு எடைக்குப் பழகிவிடும்.

ஸ்டீடனில் எனக்கு ரொம்பப் பிடித்தது அந்தக் கூர்முனை. ஆட்டக்காரர் பின்னே உருட்டிய பந்தை வாங்கும் டம்மி ஹாஃப் அதைத் தரையிலிருந்து எடுத்து வீசும்போது விரல்கள் முனையைச் சுற்றி நன்றாகப் படிகின்றன, சுழற்சி சுத்தமாக வருகிறது. அதே முனைதான் தரையோடு உருள உதைக்கும் கிரபர் கிக்கில் பந்தை எந்தப் பக்கம் துள்ளும் என்று சொல்ல முடியாமல் செய்கிறது. தாக்கும் அணிக்குக் கொண்டாட்டம், ஃபுல்பேக்குக்குத் தலைவலி.

இனி காற்று. பெரும்பாலான கோளாறு இங்கேதான் பிறக்கிறது. ரக்பி பந்துக்குப் பொதுவாக 8 முதல் 10 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு). வால்வு அருகே அளவு அச்சிட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். அடித்து வைக்கும் இடமும் ஆடும் இடமும் ஒரே வெப்பத்தில் இருப்பதில்லை என்பதைப் பலர் கவனிப்பதே இல்லை. 20 டிகிரி அறையில் 9.5க்கு அடித்த பந்து, கான்பெராவின் குளிர்கால இரவில் 5 டிகிரிக்கு இறங்கினால் ஏறக்குறைய 8.3க்கு வந்துவிடும். கிக் சில மீட்டர் குறைகிறது, கிக்கர் தன் காலைச் சந்தேகப்படுகிறார். பந்துகளை மைதான ஓரத்தில் அரை மணி நேரம் வைத்துவிட்டு, அங்கேயே கேஜ் போட்டுப் பாருங்கள்.

காற்றடிக்கும் ஊசியை சிலிகோன் எண்ணெய் அல்லது கிளிசரினில் நனைத்து, நேராகச் செருக வேண்டும். சாய்த்துக் குத்தினால் உள்ளே இருக்கும் காற்றுப் பையான பிளாடர் கிழியும். காற்று இறங்கிக்கொண்டே இருந்தால் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். வால்வில் குமிழி வந்தால் எண்ணெய் விட்டு ஒருமுறை முயலலாம். தையலில் வந்தால் அந்தப் பந்தை ஒதுக்கிவிடுங்கள்.

லீக்கில் மேற்பரப்பு தேய்வதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. எதிரணி மடக்கிப் பிடிக்கும் ஒவ்வொரு டேக்கிளுக்குப் பிறகும் பந்தைக் காலால் பின்னே உருட்டுகிறார்கள், பூட்ஸ் ஆணிகள் உரசுகின்றன. முதலில் வழவழப்பாவது வயிற்றுப் பகுதிதான், உள்ளங்கை படியும் இடமும் அதுவே. பந்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டு இரு கையால் அழுத்தித் திருப்பிப் பாருங்கள். மணிமணியான சொரசொரப்பு கையைப் பிடிக்காமல் வழுக்கினால் அது மழைநாளில் நாக்-ஆன் (பந்து கை நழுவி முன்னே விழும் தவறு) தரும் பந்து. டேக்கிள் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம், பாஸ் பயிற்சிக்கு வேண்டாம். வயிற்றுச் சுற்றளவு 61ஐத் தாண்டினாலும் அதே கதிதான். அளவுக்கு மீறிக் காற்றடித்த பந்துகள் இப்படித்தான் உப்புகின்றன. ஆட்டத்திலேயே அளவோ வடிவமோ கெட்டுவிட்டது தெரிந்தால் நடுவர் உடனே விசில் ஊத வேண்டும் என்பது விதி.

20 பேர் கொண்ட அணிக்குப் பயிற்சிப் பந்து 10, மேட்ச் பந்து 2 என்பது என் கணக்கு. மேட்ச் பந்தைப் பூட்டி வைப்பது தவறு; ஆட்டத்தை நடத்தும் ஹாஃப்பேக்கும் கோல் கிக்கரும் வாரத்தில் ஒரு நாளாவது அதை உதைக்க வேண்டும். உதைக்கும் முன் பந்தைத் தாங்கும் டீயில் நிறுத்தும்போது வால்வு பூட்ஸ் படும் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கழுவ மிதமான சோப்பும் துணியும் போதும், பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள். நிழலில் காயவிடுங்கள். வெயிலில் நிற்கும் கார் டிக்கியில் விட்டுவைத்தால் ரப்பர் இறுகும், ஒட்டும் தளரும். சீசன் முடிந்ததும் பாதிக் காற்றை இறக்கி வையுங்கள்.

சிறுவர் அணி என்றால் அளவு மாறும்: சின்னவர்களுக்கு மினி என்ற சின்ன அளவு, அடுத்த வயதினருக்கு மாட் என்ற இடை அளவு, 13 வயதிலிருந்து முழு அளவு. பெரிய பந்தைச் சின்னக் கையில் கொடுத்தால் பிள்ளை அதை நெஞ்சோடு அணைத்துப் பிடிக்கப் பழகிவிடும். பின்னாளில் அந்தப் பழக்கத்தை மாற்றுவது பெரும்பாடு.