ரீஹவுஸ் செய்த லென்ஸ் செட் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

பழைய ஸ்டில் கேமரா லென்ஸின் கண்ணாடிகளை எடுத்து, சினிமாவுக்கு ஏற்ற புது உடலில் பொருத்துவதைத்தான் ரீஹவுசிங் என்கிறோம். கைதேர்ந்தவர் செய்தால் அருமையான வேலை. என் தலையில் கட்டப்பட்டதும் அப்படி ஒரு செட்தான்: குவியத் தொலைவு 24, 35, 50, 85 மி.மீ. (எண் குறைந்தால் காட்சி அகலும், அதுதான் வைட்). பிஎல் மவுண்ட் (சினிமா கேமராவில் லென்ஸ் மாட்டும் அமைப்பு), நான்கும் டி1.5 (இந்த எண் குறைந்தால் ஒளி அதிகம்), நிறம் பொருந்திய செட், கொலிமேட்டரில் (ஃபோகஸ் சரியான இடத்தில் விழுகிறதா என்று அளக்கும் கருவி) சரிபார்த்தது என்று எழுத்திலேயே உறுதி கொடுத்து விற்றார்கள். விற்றவர் யார் என்று இங்கே சொல்லப் போவதில்லை. என்ன செய்தார், அதை எப்படிப் பிடிப்பது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

முதல் இரவுக் காட்சியிலேயே விஷயம் வெளியே வந்துவிட்டது. 24-ஐ மாட்டி, ஐரிஸை (லென்ஸுக்குள் ஒளி புகும் துளையை) முழுக்கத் திறந்திருந்தோம். நடிகர் 3 மீட்டரில் நிற்கிறார். ஃபோகஸைப் பார்த்துக்கொள்ளும் உதவியாளர், அதாவது ஃபோகஸ் புல்லர், டேப் பிடித்து அளந்து, வளையத்தில் 3-ஐ வைத்தார். மானிட்டரில் முகம் மசங்கலாக இருக்கிறது. நடிகருக்கு முக்கால் மீட்டர் முன்னால் கிடந்த நாற்காலியின் கைப்பிடியில் மரத்தின் ரேகை வரை தெளிவாகத் தெரிகிறது.

விற்றவரைக் கூப்பிட்டேன். "உங்க கேமரா மவுண்ட்டைப் பாருங்க" என்றார். நியாயமான கேள்விதான், அப்படியும் நடக்கும். அதே கேமராவில் வாடகைக்கு வந்திருந்த வேறொரு வைட் லென்ஸைப் போட்டுப் பார்த்தோம். டேப் காட்டிய தூரமும் வளையம் காட்டிய தூரமும் அப்படியே ஒத்துப்போயின. கேமராவில் கோளாறு இல்லை.

அப்புறம் செட்டை ஒரு லென்ஸ் டெக்னீஷியனிடம் கொண்டுபோனோம். பிஎல் மவுண்ட்டில் லென்ஸ் உட்காரும் தளத்துக்கும் சென்சாருக்கும் இடையே இருக்க வேண்டிய தூரம் 52.00 மி.மீ. புள்ளிக்குப் பின்னால் இருக்கும் அந்த இரண்டு பூஜ்யங்களும் அழகுக்காகப் போட்டவை இல்லை. மவுண்ட்டுக்கு அடியில் வைக்கும் மெல்லிய ஷிம் தகடுகளால்தான் இதைச் சரிசெய்வார்கள். எங்கள் செட்டில் தேவைக்கு மேல் ஷிம் போடப்பட்டு, நான்கு லென்ஸும் ஏறக்குறைய 0.06 மி.மீ. முன்னால் தள்ளி உட்கார்ந்திருந்தன.

இவ்வளவு சின்னப் பிழை என்ன செய்துவிடும் என்று தோன்றலாம். 24 லென்ஸை முடிவிலிக் குறியில் வைத்தால், அது உண்மையில் ஃபோகஸ் ஆவது 10 மீட்டருக்குள். அதற்கு மேல் வளையம் திரும்பாது. தூரத்து மலையை அந்த லென்ஸில் கூர்மையாக எடுக்கவே முடியாது. 3 மீட்டர் குறியில் வைத்தால் ஃபோகஸ் 2.3 மீட்டரில் விழும். நாற்காலி தெளிந்ததற்குக் காரணம் அதுதான். இதே 0.06 பிழை 85-இல் இருந்தால், 3 மீட்டர் குறிக்கு 2.93 மீட்டர் வரும். முழுக்கத் திறந்தால் லேசாக மென்மை தெரியும். டி4-க்கு மூடினால் கூர்மையாகத் தெரியும் ஆழம் கூடி எல்லாம் மறைந்துவிடும். குவியத் தொலைவு குறையக் குறைய இந்தப் பிழை பூதாகரமாகும். அதனால் ஒரு செட்டைச் சோதிக்க ஒரே ஒரு லென்ஸுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், இருப்பதிலேயே வைடானதை எடுங்கள். ஐரிஸை முழுக்கத் திறந்து, டேப் வைத்து அளந்து பாருங்கள்.

வாங்கும் முன் விற்றவர் எனக்குக் காட்டிய டெமோ முழுக்க 85-இல், டி4-இல் எடுத்தது. 24-இல் ஒரு ஷாட்கூட இல்லை. தெரியாமல் நடந்தது என்று நான் நம்பத் தயாராக இல்லை.

இதைவிட மோசம் அந்த 35. படம் மற்ற மூன்றையும்விடக் கிட்டத்தட்ட ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாவது) இருட்டாக வந்தது. டெக்னீஷியன் லென்ஸை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, ஐரிஸ் வளையத்தை மெதுவாகத் திருப்பினார். டி1.5-இலிருந்து டி2 வரை வளையம் நகர்கிறது, உள்ளே துளையை மூடும் ஐரிஸ் இலைகள் அசையவே இல்லை. டி2-ஐத் தாண்டிய பிறகுதான் மூடத் தொடங்கின. பிரித்துப் பார்த்தால், உள்ளே இருப்பது எஃப்2 லென்ஸ். எஃப் எண் என்பது திறப்பின் கணக்கு. டி எண் என்பது கண்ணாடியைத் தாண்டி உண்மையில் வந்து சேரும் ஒளியின் கணக்கு. எஃப்2 கண்ணாடியில் டி1.5 எப்படி வரும்? வரவே வராது. செட் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்பதற்காக, இல்லாத எண்ணை உலோகத்தில் பொறித்திருக்கிறார்கள். இது பச்சை மோசடி.

வளையத்தைத் திருப்பி இலைகளைப் பார்க்க அரை நிமிடம்கூட ஆகாது. கேமரா கையில் இருந்தால், ஒரு கிரே கார்டை (சாம்பல் நிற அட்டையை) ஒரே விளக்கில் வைத்து, எல்லா லென்ஸையும் ஒரே டி எண்ணில் வேவ்ஃபார்மில் (படத்தின் வெளிச்சத்தைக் கோடாகக் காட்டும் வரைபடத்தில்) பாருங்கள். கோடு ஏறி இறங்கினால் பொய் தெரிந்துவிடும். நிறமும் அங்கேயே தெரியும். எங்கள் 35 தெளிவாக மஞ்சள் அடித்தது. 1960, 70-களில் சில லென்ஸ்களில் தோரியம் கலந்த கண்ணாடி போட்டார்கள். அது வயதாக ஆக மஞ்சளாகும். புற ஊதா ஒளியில் வைத்தால் பெருமளவு தெளியும். அந்தச் சின்ன வேலையைக்கூடச் செய்யாமல் "நிறம் பொருந்திய செட்" என்று விற்றிருக்கிறார்.

அளவுகளை அனுப்பியதும் பேச்சு மாறியது. "விண்டேஜ் லென்ஸ்னா அப்படித்தான் இருக்கும், அதுதான் அதோட கேரக்டர்" என்றார். எனக்குப் பழைய கண்ணாடிமேல் உயிர். அதன் ஃப்ளேர், ஓரத்து மென்மை, குறைந்த கான்ட்ராஸ்ட் இவற்றுக்காகத்தான் தேடிப் போய் வாங்குகிறோம். ஷிம்மைத் தப்பாகப் போடுவதும் பொய் எண் பொறிப்பதும் கேரக்டர் ஆகாது. கடைசியில், வேறு டெக்னீஷியன் பிரித்துவிட்டதால் உத்தரவாதம் செல்லாது என்று கையை விரித்துவிட்டார். பிரிக்கும் முன்பே கொலிமேட்டர் அளவுகளை வீடியோ எடுத்து அனுப்பியிருந்தோம். அதற்கு இன்றுவரை பதில் இல்லை.

ஷிம்களை மாற்றியதும் 24, 50, 85 மூன்றும் குறிக்குச் சரியாக வந்துவிட்டன. அந்த 24 இப்போது காட்டும் படத்தைப் பார்த்தால், இவ்வளவு நல்ல கண்ணாடியை இப்படிப் பாழடித்தார்களே என்று வயிறு எரிகிறது. 35-க்குப் புதிதாக எண் பொறிக்க வேண்டும்.

பணம் கொடுக்கும் முன் ஒவ்வொரு லென்ஸுக்கும் கொலிமேட்டர் அளவை வீடியோவாகக் கேளுங்கள், முழுத் திறப்பில், சீரியல் எண்ணும் அதே ஷாட்டில் தெரியும்படி. உள்ளே இருப்பது எந்த லென்ஸின் கண்ணாடி, அதன் எஃப் எண் என்ன என்று எழுதி வாங்குங்கள். முன்னால் இருக்கும் பெயர் வளையத்தை மட்டும் நம்பாதீர்கள். கழற்றி மாட்டக்கூடிய வளையம்தான் அது.

ஃபிலிம் கேமரா வைத்திருப்பவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். கேனன் எஃப்டி லென்ஸுக்கு மவுண்ட் தூரம் 42 மி.மீ., நிக்கானுக்கு 46.5. இவற்றை 52-இல் உட்கார வைக்க, பின்பக்கக் கண்ணாடியை மவுண்ட்டுக்குள் அந்த வித்தியாசத்தின் அளவுக்கு ஆழமாக இறக்குவார்கள். பெரும்பாலான டிஜிட்டல் கேமராக்களில் அங்கே வெற்றிடம்தான். ஃபிலிம் கேமராவில் அந்த இடத்தில் மிரர் ஷட்டர் (ஒளியை வியூஃபைண்டருக்குத் திருப்பிவிடும் கண்ணாடித் தகடு) சுழல்கிறது. லென்ஸின் பின்பகுதி எவ்வளவு நீள்கிறது என்று காலிப்பரில் அளந்து, உங்கள் கேமரா எவ்வளவு அனுமதிக்கிறது என்று பார்த்த பிறகு மாட்டுங்கள். மாட்டியதும் மோட்டாரை ஓடவிடாமல், இன்ச்சிங் குமிழைக் கையால் திருப்பி ஷட்டரை ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். எங்காவது லேசாகத் தட்டினாலும் உடனே லென்ஸைக் கழற்றிவிடுங்கள்.