ஹட்டன் டவுனில் ஒரு தையல் கடை: பிளவுஸ் அருமை, ஆனால் பிந்தும்

தங்கச்சி கல்யாணத்துக்கு மூன்று பிளவுஸ் கொடுத்தேன். சொன்ன தேதிக்கு நாலு நாள் பிந்தித்தான் கிடைத்தது, அதற்கு ஒரு ஸ்டார் வெட்டு. மழைக்குக் கரண்ட் போய்விட்டது என்றார் தைக்கிற அக்கா, ஹட்டனில் ஜூலை மாதம் எப்படியென்று தெரியும்தானே, ஆனாலும் ஒரு கோல் எடுத்துச் சொல்லியிருக்கலாம். கண்ணாடியும் முகம் பார்க்கிற அளவுதான்.

தையலில் குறை சொல்ல முடியாது. கூடை சுமந்து சுமந்து அம்மாவுக்கு முதுகு வளைந்துவிட்டது, எந்தப் பிளவுஸ் போட்டாலும் பின்பக்கம் மேலே ஏறும். அக்கா நாடாவை வைத்துப் பார்த்துவிட்டு, யாரும் சொல்லாமலே பின்பக்கத்தை மட்டும் அரை அங்குலம் கூட்டி வெட்டினார். உள்ளே தையலோரம் ஒரு அங்குலத் துணி விட்டிருக்கிறார், உடம்பு போட்டால் பிரித்துக்கொள்ளலாம்.

அக்கா திருநங்கை. பிளவுஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, எழுதவே வேண்டாம் என்றுதான் இருந்தேன், ஆனால் அந்தக் கடையில் பிள்ளைகளைப் பிடித்து ஊசி போட்டு மாற்றுகிறார்கள் என்று எங்கள் தோட்டத்து வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வொய்ஸ் சுற்றுகிறது. எந்த லயத்துப் பிள்ளை என்று கேட்டால் 'எல்லாரும் சொல்றாங்க'. திருநங்கையாக இருப்பதே சட்டத்துக்கு விரோதமாம். 2016இலிருந்து, பதிவுகளில் பாலினத்தை மாற்றிக்கொள்ள உதவும் பாலின அங்கீகாரச் சான்றிதழ் கொடுக்க வழி செய்ததே சுகாதார அமைச்சுதான். கடைசியில் ஒருவர் 'கருத்துச் சுதந்திரம்' என்று முடித்தார்.

பிந்தித் தருகிறார் என்று நான் எழுதலாம், பில் கையில் இருக்கிறது. அவரைப் பிடிக்கவில்லை என்றால் அதையும் சொல்லிவிட்டுப் போங்கள். பிள்ளை பிடிக்கிறவர் என்பது அந்தக் கணக்கில் வராது. 2018இல் அம்பாறையில் ஒரு சாப்பாட்டுக் கடைக் கறியில் மலட்டு மாத்திரை என்று கிளப்பினார்கள், அது வெறும் மாவுக்கட்டி என்று அரச பகுப்பாய்வாளர் சொல்வதற்குள் கடையையும் பள்ளிவாசலையும் உடைத்துவிட்டார்கள்.

பொலிசில் கொடுக்கலாமே என்கிறான் தம்பி. இணையத்தில் பொய் பரப்புவதைத் தடுக்க 2024 நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இருக்கிறதுதான், ஆனால் எது பொய் என்று ஜனாதிபதி நியமிக்கிற 5 பேர் ஆணைக்குழு சொல்லுமாம், நாளைக்கு நாங்கள் சம்பளப் பிரச்சினையை எழுதினாலும் அது பாயாதா? குரூப் அட்மின் அந்த வொய்ஸை அழித்தாலே எனக்குப் போதும். இன்னும் அழிக்கவில்லை.

அக்காவிடம் கேட்டேன். பொபினில் நூல் சுற்றிக்கொண்டே, "கேட்டேன்மா. பேசினது யாருன்னும் தெரியும், அவ மகளுக்குப் போன வருஷம் தைச்ச காசு பாதி இன்னும் பாக்கி" என்றார்.

லைனிங்கோடு 1,800 ரூபாய். தீபாவளிக்கு என்றால் ஒரு மாதம் முன்னாலேயே துணியைக் கொடுத்துவிடுங்கள்.