சல்மகண்டி: பெயர் வைத்தது யார்?

கோழிக்கறித் துண்டுகள், உப்பு நெத்திலி, அவித்த முட்டை, வெங்காயம், சாலட் கீரை. எல்லாவற்றையும் ஒரே தட்டில் அடுக்கி எண்ணெயும் வினிகரும் ஊற்றினால் அதுதான் சல்மகண்டி. இங்கிலாந்தில் 17ஆம் நூற்றாண்டிலேயே புழங்கிய பெயர். எங்கிருந்து வந்தது என்பதற்கு மூன்று கதைகள் உண்டு.

முதல் கதையில் மசாலா அதிகம். பிரான்ஸ் அரசி மரி த மெடிசியின் தோழிகளில் சல்மகண்டி என்று ஒருத்தி இருந்தாளாம், இது அவள் கைப்பக்குவமாம். ஆண்டுக் கணக்குதான் இடிக்கிறது. மரி பிறந்தது 1575இல். ரபலே என்ற பிரெஞ்சு நையாண்டிக்காரரோ 1546இல் வந்த புத்தகத்திலேயே, தன் கதாபாத்திரம் ஒருவனுக்கு 'சல்மிகோந்தின்' என்ற ஜமீனைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். அரசியே பிறக்கவில்லை, தோழி எங்கிருந்து வந்தாள்?

அடுத்தது, இத்தாலிய 'சலாமி கோந்தித்தி'. பக்குவப்படுத்திய உப்பிறைச்சி என்று பொருள். காதுக்குப் பொருந்துகிறது, அவ்வளவுதான்.

என் ஓட்டு மூன்றாவதற்கு: பிரெஞ்சு 'சல்மிகோந்தி'. பல இறைச்சிகளைப் போட்டு வைக்கும் குழம்பு அது. ரபலே காலத்து அச்சுச் சான்றும் இதன் பக்கம்தான் நிற்கிறது. கடல் தாண்டியதும் சூடான குழம்பு ஆறிய தட்டாகிவிட்டது என்பதுதான் வேடிக்கை.

அந்த ஆங்கிலத் தட்டு லேசுப்பட்டதல்ல. 1747இல் வந்த ஹன்னா கிளாஸின் சமையல் புத்தகத்தைப் பாருங்கள். கீரையை நூல் போல அரிந்து தட்டில் பரப்ப வேண்டும். கோழியின் நெஞ்சுக்கறியை ஷில்லிங் காசு கனத்துக்குச் சீவிச் சுற்றிலும் அடுக்கி, இடையிடையே முள் நீக்கிய நெத்திலி வைக்க வேண்டும். நடுவில் மஞ்சள் கருவும் நெத்திலியும் சேர்த்துக் கொத்திய கோபுரம், உச்சியில் ஓர் அவித்த வெங்காயம். கண்ணுக்கும் சேர்த்துத்தான் சமைத்திருக்கிறார்கள்.

சரி, பெயருக்கு அப்புறம் என்ன ஆயிற்று? மக்கள் வாயில் அது 'சாலமன் கண்டி' என்று ஓர் ஆள் பெயராகவே மாறிவிட்டது. கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் அந்தப் பெயரைச் சொன்னால் வெங்காயத்தோடு வினிகரில் ஊறிய ஹெர்ரிங் மீன் வரும். ஜமைக்காவில் கீரையும் கிடையாது, கோழியும் கிடையாது. ஹெர்ரிங் மீனை மிளகாய் போட்டு விழுதாக்கி, உப்பு பிஸ்கட்டில் தடவிச் சாப்பிடுகிறார்கள்.