நேரம் தவறும் செயலிகள்: ஆஸ்திரேலிய வீட்டுப் பராமரிப்பு மென்பொருள் ஒரு பார்வை

ஆஸ்திரேலியாவில் 2025 நவம்பர் 1-ல் புதிய முதியோர் பராமரிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்ததிலிருந்து, வீட்டுப் பராமரிப்புச் செயலி விற்பவர்கள் எல்லாரும் 'புதிய தரநிலைகளுக்குத் தயார்' என்று போர்டு மாட்டிவிட்டார்கள். ரோஸ்டர் (யார், எப்போது, எந்த வீட்டுக்கு என்ற பணி அட்டவணை), வருகைப் பதிவு, கேர் பிளான் (ஒவ்வொருவருக்குமான பராமரிப்புத் திட்டம்), நிகழ்வுப் படிவம் நான்கும் ஒரே செயலியில் கிடைக்கின்றன. ரோஸ்டரைப் பார்த்து மயங்க வேண்டாம், அது எதிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். சரக்கு நல்லதா இல்லையா என்பது மற்ற மூன்றில்தான் தெரியும்.

முதலில் எண் குழப்பம். முதியோர் சேவைகள் பின்பற்ற வேண்டிய அரசுத் தரநிலைகள் 2019 முதல் 8 இருந்தன, இப்போது 7. பழைய 6 என்பது கருத்தும் புகாரும். புதிய 6 உணவும் ஊட்டமும், அதுவும் முதியோர் இல்லங்களுக்கு மட்டும். பழைய 3-ல் இருந்த மருத்துவப் பராமரிப்பு இப்போது 5-ல் இருக்கிறது. சில செயலிகள் தலைப்புகளை மட்டும் மாற்றிவிட்டு, பழைய பதிவுகளின் எண்களை அப்படியே விட்டிருக்கின்றன. பணியாளர் தாமதமாக வந்தார் என்ற புகார் உணவுப் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கும். டெமோவின்போது 2025 செப்டம்பரில் பதிவான ஒரு புகாரைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அது புதிய 2-ன் (நிறுவனம்) கீழ் வர வேண்டும். எண்ணைத் திருத்த ஒவ்வொரு முறையும் விற்பவருக்கு டிக்கெட் (உதவிக் கோரிக்கை) போட வேண்டும் என்றால் அங்கேயே எழுந்துவிடலாம்.

அடுத்தது நிகழ்வுப் படிவம். தீவிர நிகழ்வுகளை முதியோர் பராமரிப்பைக் கண்காணிக்கும் ஆணையத்துக்கு அறிவிக்கும் கடமை 2022 டிசம்பர் 1 முதல் வீட்டுச் சேவைகளுக்கும் உண்டு. முதல் முன்னுரிமை நிகழ்வு (சிகிச்சை தேவைப்படும் காயம் போன்ற கடுமையானது) என்றால், நிறுவனத்துக்குத் தெரியவந்ததிலிருந்து 24 மணி நேரம். இரண்டாவது என்றால் 30 நாள். இந்த 24 மணியை எங்கிருந்து எண்ணுகிறது என்பதில்தான் செயலிகள் சறுக்குகின்றன. காலை 7.40-க்குப் பணியாளர் போகிறார், பெரியவரின் முன்கையில் புதிய கன்றல். சிக்னல் இல்லாத கட்டடம், 7.52-க்குப் படிவம் எழுதுகிறார், 11.15-க்குத்தான் போன் இணைகிறது. நல்ல செயலி எழுதிய நேரம், வந்து சேர்ந்த நேரம் இரண்டையும் வைத்துக்கொள்ளும். மட்டமானது 11.15-ஐ மட்டும் வைக்கும். மூன்றே கால் மணி நேரத்துக்கும் மேல் மாயம், தரத்தைச் சோதிக்க வரும் ஆடிட்டர் கேட்டால் கையில் சான்று இல்லை.

இதைவிட மோசமான வகை ஒன்று இருக்கிறது: கோஆர்டினேட்டர் படிவத்தைத் திறந்து முன்னுரிமை தேர்ந்தெடுத்த பிறகே கவுன்ட்டவுனைத் தொடங்குவது. வெள்ளி மாலை 6 மணிக்கு வந்த படிவத்தைத் திங்கள் காலை 9-க்குத் திறந்தால், 63 மணி நேரம் கடந்திருக்கும். திரையிலோ '24 மணி நேரம் மீதம்' என்று பச்சையாக மின்னும்! எச்சரிக்கை மின்னஞ்சலுக்குப் போனால் போதாது, ஆன்-கால் போனில் (அலுவலக நேரத்துக்குப் பிறகு பொறுப்பில் இருப்பவரின் போன்) மணி அடிக்க வேண்டும்.

வாங்கும் முன் இதைச் சோதிக்க இரண்டே நிமிடம்: போனை ஏரோபிளேன் மோடில் போட்டு ஒரு நிகழ்வை எழுதுங்கள், கொஞ்சம் பொறுத்து இணையுங்கள், அலுவலகத் திரையில் எத்தனை நேரங்கள் தெரிகின்றன என்று பாருங்கள். அதே பதிவைத் திருத்திப் பாருங்கள். பழைய வாசகம் அழிந்துபோனால் அந்தச் செயலி வேண்டாம்.

வருகைப் பதிவுக்கு ஜிபிஎஸ் மட்டும் போதாது. அடுக்குமாடிகளில் இடம் தவறாகக் காட்டும். வீட்டைச் சுற்றிச் செக்-இன் செய்ய அனுமதிக்கும் வட்டத்தைக் குறுக்கினால் வந்தவரையே வரவில்லை என்று சொல்லும், அகட்டினால் தெருமுனையில் நின்றே செக்-இன் செய்யலாம். அதைவிட, வீட்டில் ஒட்டி, போனை அருகில் வைத்துப் பதியும் என்எஃப்சி வில்லை நல்லது. க்யூஆர் மலிவுதான், ஆனால் படம் எடுத்துவைத்துக் காரிலிருந்தே ஸ்கேன் செய்துவிடலாம்.

கேர் பிளானின் மருந்துப் பகுதியில் ஒற்றை டிக் பெட்டி மட்டும் இருந்தால் அது பதிவே ஆகாது. கொடுத்தது, நினைவூட்டியது, மறுத்தார், வீட்டில் இல்லை எனக் குறைந்தது நான்கு தேர்வுகள் வேண்டும். இரண்டு முறை தொடர்ந்து மறுத்தால் செவிலியருக்குத் தகவல் போக வேண்டும். 'நேற்றைய குறிப்பை நகலெடு' என்ற பொத்தான் இருந்தால் செட்டிங்ஸில் அதை அணைத்துவிடுங்கள். ஒரே வாசகம் 14 நாள் வரிசையாக இருப்பதைக் கண்டுபிடிக்க ஆடிட்டருக்கு மென்பொருள் எதுவும் தேவைப்படாது.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், பதிவுகளைச் செயலியிலிருந்து வெளியே எடுக்கும் வசதியையும் பார்த்துவிடுங்கள். விலகும்போது வெறும் பிடிஎஃப் தருவோம் என்பவர்கள் உண்டு. நேரமுத்திரை, திருத்த வரலாறு இரண்டும் சேர்ந்த அட்டவணைக் கோப்பைத் தருவதாக எழுத்தில் வாங்குங்கள்.