‘லைன்’ என்ற ஒரு சொல்லுக்கு இரண்டு இரவு: எங்கள் ஊர் ஆங்கில வகுப்பு

மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் கடைத்தெருவில், டயர் கடைக்கு மேல்மாடியில், பெரியவர்களுக்கு ராத்திரி ஆங்கில வகுப்பு நடக்கிறது. செவ்வாய், வியாழன், எட்டு மணியிலிருந்து ஒன்பதரை வரை. மாதம் 60 வெள்ளி (ரிங்கிட்). ஆறு மாதமாகப் போகிறேன். கோயிலில் பார்க்கிறவர்கள் எல்லாம் “நல்லா சொல்லித் தராங்களா?” என்று கேட்பதால், விவரமாகவே எழுதிவிடுகிறேன்.

எனக்கு 54 வயது. ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி, அப்புறம் இடைநிலைப்பள்ளி மூன்றாம் வருஷத்து எஸ்.ஆர்.பி. தேர்வோடு படிப்பு நின்றது. இப்போது ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கல்லாவில் இருக்கிறேன். சில வருஷங்களுக்கு முன் சொந்தக்காரப் பையன் ஒருவன் தவணைக்கு மோட்டார் சைக்கிள் எடுத்தபோது ஜாமீன் கையெழுத்துக்கு என்னைக் கூப்பிட்டான். பாரம் (படிவம்) முழுக்க ஆங்கிலம். அங்கிருந்தவர் விரலை வைத்துக் காட்டி “சைன் ஆன் த டாட்டட் லைன்” என்றார். காட்டிய இடத்தில் போட்டேன். பையன் தவணை கட்டவில்லை. பதினெட்டு மாதம் என் சம்பளத்திலிருந்து போனது. அந்தப் புள்ளிக்கோட்டுக்கு மேலே என்ன எழுதியிருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வகுப்பில் சேர்ந்ததற்கு அதுதான் காரணம்.

டீச்சர் இடைநிலைப்பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். இலக்கணப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து நடத்த மாட்டார். தினம் காதில் விழுகிற ஒரு சொல்லை எடுத்து, அதை முழுசாகத் தோண்டிப் பார்த்த பிறகுதான் அடுத்ததற்குப் போவார். ‘லைன்’ எடுத்தது மூன்றாவது மாதம்.

போர்டில் அந்த நாலு எழுத்தை எழுதிவிட்டு, “இன்னைக்கு இதை எங்க கேட்டீங்க?” என்றார். லோரி ஓட்டுகிற அண்ணன், “ரோட்டுல போலிஸ் இல்லன்னா லைன் கிளியர்னு மெசேஜ் வரும் டீச்சர்” என்றார். ஒரு தம்பி, “எங்க தாமான்ல (குடியிருப்புல) போனுக்கு லைன் இல்ல” என்றான். “நீ என்ன லைன்ல வேலை பாக்கற?” என்று கல்யாண வீட்டில் கேட்டதை இன்னொருவர் சொன்னார். நான் கடையில் கேட்பதைச் சொன்னேன். ஈப்போவிலிருந்து பேசுகிற சப்ளையர் “ஹோல்ட் த லைன்” என்பார். போனை வைத்துவிடாமல் காத்திருங்கள் என்று அர்த்தம்.

எதையும் தப்பு என்று டீச்சர் தள்ளவில்லை. எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இதுதான். போன் கம்பி வழியாக வந்த காலத்துப் பேச்சு, கம்பி போன பிறகும் நம் வாயில் இருக்கிறது என்றார். “‘நோ லைன்’ நம்ம ஊருக்குள்ள செல்லும். வெளிநாட்டுக்காரங்ககிட்ட ‘நோ சிக்னல்’னு சொல்லுங்க.” வரிசையில் நிற்பதை அமெரிக்காவில் லைன் என்பார்கள், பிரிட்டனில் கியூ. ஒருவர் பின்னால் ஒருவர் நின்றால் லைன். பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ரோ. எங்கள் அம்மா கித்தா (ரப்பர்) மரத்தில் பால் வெட்டிய நிரை ஆங்கிலத்தில் ‘ரோ’ என்று அப்போது எழுதிக்கொண்டேன்.

பிறகு வேருக்குப் போனார். லத்தீனில் ‘லீனும்’ என்றால் ஆளிச் செடி. அதன் நாரில் திரித்த நூலுக்கு ‘லீனியா’ என்று பேர். அந்த நூலை இழுத்துக் கட்டினால் நேராக நிற்கும். அப்படி நூல் கோடாகிவிட்டது. லினன் துணியும் அதே குடும்பம். அந்தக் காலத்தில் சட்டைக்கு உள்பக்கம் லினன் வைத்துத் தைத்ததால்தான் ‘லைனிங்’ வந்தது என்றதும், ஜாக்கெட் தைக்கிற அக்கா எழுந்தே நின்றுவிட்டார். இருபது வருஷமாக லைனிங் வெட்டுகிறவர். “அப்ப நான் தினமும் சொல்றது ஒரு செடியோட பேரா டீச்சர்?” என்று கேட்டார்.

தமிழிலும் அதே பாதைதான் என்று டீச்சர் காட்டினார். கொத்தனார் நூல் கட்டித்தான் கல் வைப்பார். ‘நூல் பிடித்த மாதிரி’ என்று நாம் சொல்வது அங்கிருந்துதான். மரத்தின் கோணலைத் தீர்க்கிற தச்சனின் நூலோடு, மனசின் கோணலைத் தீர்க்கிற படிக்கும் நூலைப் பழைய இலக்கணம் ஒப்பிடுகிறது என்றும் சொன்னார். அன்று இரவு வீட்டுக்குப் போய் வெகுநேரம் எனக்குத் தூக்கம் வரவில்லை.

இரண்டாம் இரவில் ‘டெட்லைன்’. அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1864இல், ஜார்ஜியா மாநிலத்து ஆண்டர்சன்வில் கைதி முகாமில் வேலிக்கு உள்ளே ஒரு எல்லை வைத்திருந்தார்களாம். அதைத் தாண்டிய கைதியைக் காவலாளி சுட்டுவிடலாம். அந்தச் சொல்தான் பிற்பாடு பத்திரிகை ஆட்கள் மூலமாக வேலை முடிக்கும் கெடுவாக மாறியது என்று சொல்கிறார்கள். ‘டோ த லைன்’, ‘ரீட் பிட்வீன் த லைன்ஸ்’ எல்லாம் வேகமாக முடித்துவிட்டார். எனக்கும் அவை அவ்வளவாக ஒட்டவில்லை.

முடிகிற நேரத்தில் நான் கேட்டேன். “டீச்சர், லயம்?”

அவர் சாக்பீஸைக் கீழே வைத்தார். பட்டாளத்தில் வரிசையாகப் போட்ட கூடாரம், குடிசைகளுக்கு ‘லைன்ஸ்’ என்று பேர். தோட்டத்தில் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய வீடுகளையும் துரைமார்கள் அப்படியே கூப்பிட்டார்கள். நம்மவர்கள் வாயில் அது லயன், லயம் ஆனது. நாங்கள் மூன்றாவது லயம், ஆறாவது வீடு. ஒரு வரிசைக்குப் பத்துக் கதவு, கோடியில் ஒரு குழாய். அப்பா யாருக்கு விலாசம் சொன்னாலும் இப்படித்தான் சொல்வார். பிறந்த வீட்டின் பேரே ஆங்கிலம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆனால் எங்கள் அம்மா வேறு மாதிரி சொல்வார். “குதிரை கட்டற லாயம்டி அது. வெள்ளைக்காரன் நம்மள அதுலதான் வச்சிருந்தான்.” இதை டீச்சரிடம் சொன்னேன். சொல் ‘லைன்’ஸிலிருந்து வந்ததுதான் என்று உறுதியாகச் சொன்னார். கூடவே, “அம்மா சொன்னதையும் நோட்டுல எழுதுங்க. அந்த வீட்டுல இருந்தவங்க கொடுத்த அர்த்தம் அது” என்றார். அந்தப் பக்கத்தை மடித்து வைத்திருக்கிறேன். மூன்றாவது லயம் இருந்த இடத்தில் இப்போது செம்பனை (எண்ணெய்ப்பனை) நிற்கிறது.

குறைகளையும் சொல்ல வேண்டும். பதினைந்து பேருக்கான அறையில் இருபத்திரண்டு பேர் உட்காருகிறோம். காற்றாடி இரண்டுதான், ஜன்னல் ஓரம் கிடைக்காவிட்டால் புழுக்கம் தாங்காது. கொடுக்கிற ஜெராக்ஸ் மங்கல், கண்ணாடி போட்டவர்களுக்குச் சிரமம். தீபாவளி வாரம் வகுப்பு இல்லை, ஆனால் கட்டணத்தில் கழிக்கவில்லை. இது நியாயமில்லை என்று நேரிலேயே சொன்னேன், இன்னும் பதில் வரவில்லை. எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, வாய்விட்டுப் பேசும் பயிற்சி போதாது. ‘லைன்’, ‘லேன்’ இரண்டையும் பிரித்துச் சொல்ல நாங்கள் தடுமாறினோம். ஆளுக்கு ஒரு தடவைதான் சொல்ல வைத்தார். வேலை நேர்காணலுக்கு அவசரமாகத் தயாராகிறவர்களுக்கு இந்த வகுப்பு சரிவராது. சான்றிதழும் கிடையாது.

என்னைப் போல, காதில் விழுகிற ஆங்கிலத்தை அரைகுறையாகப் புரிந்துகொண்டே காலம் தள்ளியவர்கள் தாராளமாகச் சேரலாம். போன மாதம் இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஒரு பாரத்தோடு கடைக்கு வந்தார். புள்ளிக்கோட்டுக்கு மேலே இருந்ததையெல்லாம் நாற்பது நிமிஷம் படித்தேன். இரண்டு இடம் புரியவில்லை, கேட்டேன். அவர் விளக்கிய பிறகு, வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தேன்.

மாடிப்படி செங்குத்து, கைப்பிடியும் ஆடுகிறது. முட்டி வலி உள்ளவர்கள் ஏற முடியாது. லயம் கதையைக் கேட்டதிலிருந்து அம்மாவும் ஒரு நாள் வந்து உட்கார வேண்டும் என்கிறார். அவருக்கு 79 வயது. வகுப்பைக் கோயில் மண்டபத்துக்கு மாற்றச் சொல்லி டீச்சரிடம் கேட்டிருக்கிறேன்.